குழல் விளக்கும் தொடக்கியும்

எல்.இ.டி. விளக்குகள் பெருகிவிட்ட இந்நாளிலும், பழைய கட்டடங்கள் பலவற்றில் நீண்ட குழல் விளக்குகள் ஒளிர்வதைக் காண்கிறோம். சுவிட்சைப் போட்டதும் அவை எரிவதில்லை. இரண்டு மூன்று முறை கண்சிமிட்டிய பின்னரே எரிகின்றன. சொன்னதைத் தாமதமாக உணர்பவரை ‘டியூப் லைட்’ என நகையாடும் வழக்கும் இதனால் எழுந்ததே. இத்தாமதத்தின் காரணத்தை அறிந்தவர், விளக்குப் பழுதுறுங்கால் வீண்செலவு செய்யார்.

குழலினுள் சிறிதளவு பாதரசமும் ஆர்கான் வாயுவும் உள்ளன. இரு முனைகளிலும் டங்ஸ்டன் இழைகள் உண்டு. பாதரச ஆவியினூடே மின்சாரம் பாயுங்கால் கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர்கள் தோன்றும். குழலின் உட்புறத்தே பூசப்பெற்ற பொடி அக்கதிர்களை ஏற்று வெண்ணொளியாக மாற்றுகிறது. ஆயினும், குளிர்ந்த குழலில் மின்னோட்டத்தைத் தொடங்க வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டு அழுத்தம் மட்டும் போதாது.

இங்கேதான் ‘ஸ்டார்ட்டர்’ எனப்படும் தொடக்கி துணைபுரிகிறது. இச்சிறு உருளையினுள் வாயு நிரம்பிய கண்ணாடிக் குமிழும், அதனுள் ஈருலோகத் தகடும் உள்ளன. சுவிட்சைப் போட்டதும் வாயு ஒளிர்ந்து சூடேற, தகடு வளைந்து எதிர்முனையைத் தொடும். உடனே மின்சாரம் குழலின் இழைகள் வழியே ஓடி அவற்றைச் சூடாக்கும். குமிழின் ஒளி அணைவதால் தகடு குளிர்ந்து விலகும். அக்கணத்தில் ‘சோக்கு’ என்னும் கம்பிச்சுருள் மின்னழுத்தத்தை மிக உயர்த்த, குழல் ஒளிர்கிறது. பின்னர் மின்னோட்டம் மிகாது காப்பதும் சோக்கே, தொடக்கியோ ஓய்ந்திருக்கும்.

விளக்கு எரியாவிடின் குழலையே குறைகூறி எறிந்துவிடுவோர் பலர். முனைகள் மட்டும் இடைவிடாது ஒளிர்ந்து நடுப்பகுதி இருண்டிருப்பின், குற்றம் பெரும்பாலும் தொடக்கியினுடையது. முனைகள் மிகக் கறுத்து, விளக்கு ஓயாது சிமிட்டுமாயின், குழல் மூப்படைந்தது எனலாம். அதனை மாற்றாது விடின், ஓயாது உழைத்துத் தொடக்கியும் கெடும். ஐயம் நேரின், முதலில் புதிய தொடக்கியை இட்டுப் பார்த்தலே அறிவுடைமை.

இப்பணியைப் பெரியோரே செய்தல் வேண்டும். மெயின் சுவிட்சை நிறுத்தி, ஈரமற்ற மர முக்காலியின்மீது நின்று, தொடக்கியை இடப்புறமாகச் சிறிது திருப்பினால் அது கழன்றுவரும். குழலை இரு கைகளாலும் தாங்கிக் கால் சுற்றுத் திருப்பிக் கழற்றுதல் வேண்டும்.

கழற்றிய குழலைத் தெருவில் உடைத்தல் தீது. அதிலுள்ள பாதரசம் நஞ்சு. ஜப்பான் நாட்டு மினமாட்டாவில் பாதரசக் கழிவு கலந்த கடல்மீனை உண்டோர் உற்ற கொடுநோய் 1956 இல் வெளிப்பட்டது. பாதரசப் பயனைக் குறைக்க 2013 இல் உலக நாடுகள் செய்த உடன்படிக்கை அவ்வூரின் பெயரையே தாங்கியுள்ளது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர். கட்டைவிரலளவே உள்ள தொடக்கி தன் கடமையைச் செய்து ஒதுங்குவதாலன்றோ நெடுங்குழல் ஒளிர்கிறது!