பெரம்பலூர், அரியலூர்: ஒருநாள் சுற்றுலாவில் கால்கடுக்காமல் இருக்க

1. ரயிலில் வந்தால் அரியலூரில் இறங்குங்கள். பெரம்பலூர் ஊருக்கு ரயில் நிலையம் இல்லை.

2. சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைத் தரிசிக்க திங்கள் அல்லது வெள்ளியில் கிளம்புங்கள். விசேஷ நாள்கள் தவிர மற்ற நாளில் நடை சாத்தியிருக்கும். வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான்.

3. கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் சன்னதி மூடிவிடுவார்கள். முற்றத்துக் கல்தரையோ வெயிலில் கொதிக்கும். குழந்தைகளுக்குப் பருத்திக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள், செருப்பு உள்ளே கூடாது. வடக்கு வாசல் படியருகே சண்டேசருக்குச் சிவன் பூமாலை சூட்டும் சிற்பத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். அவசரமாகச் சுற்றுபவர்கள் தவறவிடுவது அதைத்தான். என்னைக் கேட்டால், நேரம் குறைவென்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒரு கோயிலிலேயே அரைநாள் இருக்கலாம்.

4. கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தை நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வையுங்கள். வலசைப் பறவைகள் வருவது அப்போதுதான். பைனாகுலர் அவசியம், ஏரி பெரிது, பறவைகள் தூரத்தில் இருக்கும்.

5. சாத்தனூர் கல்மரத்துக்குத் தண்ணீரும் குடையும் கொண்டுபோங்கள். சுற்றிலும் பொட்டல்காடு. பல கோடி ஆண்டுப் பழைய மரம் அது. சில்லு பெயர்த்துப் பையில் போடாதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடம்.

6. ரஞ்சன்குடிக் கோட்டையை வெயில் தாழ்ந்தபின் ஏறுங்கள். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டியே இருப்பதால், ஊர் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.