சட்டம் பயில விழையும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி

அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டக் கல்லூரியில் சேர விழைவோர் பலரும் எழுதும் தேர்வு எல்சாட். 1948இல் தொடங்கிய இத்தேர்வு சட்டப் பிரிவுகளைக் கேட்பதில்லை. 2024 ஆகஸ்டில் புதிர்ப் பகுதியும் நீக்கப்பட்டது. இன்று மதிப்பெண்ணுக்குரியவை தருக்கமும் வாசிப்புமே. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் எஸ்.டி.பி.எம்., மூவெட் போன்ற தேர்வுகளையே நோக்குகின்றன. எனினும் எல்சாட் பயிற்சி நம் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

தோட்ட அலுவலகப் பலகையில், "வேலைக்கு வராதவருக்கு அன்றைய கூலி இல்லை" என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு ஒரு நாள் கூலி விடுபட்டுள்ளது. ஆகவே அவர் அன்று வேலைக்கு வரவில்லை எனலாமா?

பலரும் ஆம் என்பர். அது தவறு. வராவிடில் கூலியில்லை என்பதே பலகையின் கூற்று. கூலி விடுபட வேறு காரணமே இராது என்று அது கூறவில்லை. அவர் விடியுமுன் பிரட்டுக்கு வந்து, மரம் வெட்டி, பாலை நிறுத்தும் கொடுத்திருக்கலாம். செக்ரோலில் பெயர் விடுபட்டிருக்கலாம். வாக்கியத்தைத் தலைகீழாகப் படித்தமையால் உழைத்தவர்மீது பழி விழுகிறது. மாறாக, விதி பிசகாது பின்பற்றப்பட்டுக் கூலியும் வழங்கப்பட்டிருப்பின், அவர் வேலைக்கு வந்தார் என்பது உறுதி.

நாள்தோறும் நாளேட்டில் ஒரு பத்தியை எடுத்து, முடிவு எது, காரணம் எது எனக் கோடிடுக. எல்சாட்டில் ஒரு பகுதிக்கு 35 நிமிடமே உண்டு. ஆயினும் விரைவைப் பின்னர்ப் பழகலாம், பிழையின்றிப் படிப்பதே முதற்பணி.

இனி இதனைப் பிள்ளைகள் காரணத்துடன் எழுதிப் பார்க்கட்டும்: "மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. இன்று பால்வெட்டு இல்லை. ஆகவே மழை பெய்தது." சரியா?