முதுமையில் தடுமாறாத நடை: சீனத்தின் தாய்-சி பயிற்சி

முதியோரை வருத்தும் துன்பங்களுள் நிலைதடுமாறி விழுதல் ஒன்றாகும். உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் 60 வயதைக் கடந்தோரே மிகுதி. இத்துன்பத்தைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாகச் சீனத்தின் 'தாய்-சி' என்னும் தேகப்பயிற்சி பல நாடுகளில் கற்பிக்கப்பட்டு வருகிறது.

தாய்-சி தொடக்கத்தில் ஒரு போர்க்கலை. ஹெனான் மாகாணத்துச் சென்ஜியாகோ கிராமத்தில் 17ஆம் நூற்றாண்டில் சென் குடும்பத்தார் இதனை வளர்த்தனர். அவர்களிடம் கற்ற யாங் லூசான் 19ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங் நகரில் இதைப் பரப்பினார். பழைய முறை நீண்டது. பயில நெடுங்காலம் பிடித்தது. 1956-ல் சீன அரசாங்கத்தின் விளையாட்டுத் துறையினர் 24 அசைவுகள் கொண்ட எளிய முறையொன்றை வகுத்தனர். சில நிமிடங்களில் முடியும் இம்முறைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பூங்காவிலோ பள்ளி முற்றத்திலோ பலர் கூடிப் பயிலலாம். இவ்வெளிமை இது பிற நாடுகளில் பரவ உதவிற்று. 2020-ல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இதனால் விளையும் பயன் எவ்வாறு ஏற்படுகிறது? முதுமையில் கால் தசைகள் தளர்கின்றன. பாதங்களின் உணர்ச்சியும் குறைகிறது. தாய்-சி பயில்வோர் முழங்கால்களைச் சற்றே மடக்கி, முதுகை நிமிர்த்தி, உடலின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மாற்றுகின்றனர். சாதாரண நடையில் கணப்பொழுதில் கடந்துவிடும் ஒற்றைக்கால் நிலை இங்கு நீடிக்கிறது. அதனால் தசைகள் வலுப்பெறுகின்றன. உடல் சாய்வதை உடனே உணர்ந்து திருத்திக்கொள்ளும் பழக்கமும் உண்டாகிறது.

ஆராய்ச்சிகளும் இதற்குச் சான்று தருகின்றன. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 70 வயதுக்கு மேற்பட்ட 200 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 1996-ல் வெளிவந்தது. 15 வாரம் தாய்-சி பயின்றோரிடம் மீண்டும் மீண்டும் விழும் அபாயம் 47.5 சதவீதம் குறைந்திருந்தது. 2012-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், பார்க்கின்சன் நோயுற்ற 195 பேர் மூன்று பிரிவினராகப் பிரிக்கப்பட்டு, வாரம் இருமுறை 24 வாரம் வெவ்வேறு பயிற்சிகளைச் செய்தனர். தாய்-சி பயின்ற பிரிவினரின் உடற்சமநிலை ஏனைய இரு பிரிவினரினும் மேம்பட்டிருந்தது. ஆயினும் நோய் தீர்ந்துவிடவில்லை. தாய்-சி மருந்துக்கு மாற்று அன்று.

முதியோருக்கு இதனைக் கற்பிப்போர் சில விதிகளை மனத்திற்கொள்ளல் வேண்டும். முதலில் நாற்காலியையோ சுவரையோ பற்றி நின்று பழகச் செய்க. முழங்காலை வலி தோன்றுமளவுக்கு மடக்கலாகாது. தலைசுற்றல் உடையோர் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்குக. சில நாள் செய்து விட்டுவிடுதலால் பயனில்லை. வாரந்தோறும் தவறாது தொடர்ந்தாலே நடை உறுதிபெறும்.