கொடுவாக் குஞ்சு பைக்குள் போவதற்கு முன்

முட்டுக்காட்டுப் பாலத்தடியிலும் கோவளம் முகத்துவாரத்திலும் தூண்டில் போடுகிறவர்களுக்குள் மனக்கசப்பு வந்தால், அது பெரும்பாலும் குஞ்சு மீனால்தான் வரும். நிற்கிற இடத்தைப் பற்றிய தகராறு அன்றைக்கே மறந்துபோகும். ஒருவர் ஒரு சாண் கொடுவாவை இழுத்துப் பைக்குள் போடுவார், பக்கத்தில் நிற்பவருக்கு வயிறு எரியும். கேட்டால் சண்டை வருமோ என்று பலர் பார்க்காததுபோல் நின்றுவிடுகிறார்கள். நான் கேட்கிறவன். சிலரிடம் வசவு வாங்கியிருக்கிறேன், சிலரோடு இப்போது சேர்ந்தே தூண்டிலுக்குப் போகிறேன். எப்படிக் கேட்டால் காது கொடுக்கிறார்கள் என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில், ஏன் கேட்க வேண்டும் என்பது நமக்கே தெளிவாக இருக்க வேண்டும். கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் முதிர்கிறது. மூன்று நான்கு வயதில், ஒன்றேகால் முழ நீளம் வரும்போது ஆண் மீனாக இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். அதற்கும் பல வருஷம் கழித்து, இரண்டு முழத்தை நெருங்கும்போதுதான் பெண்ணாக மாறும். முட்டையிட முகத்துவாரத்து உப்புநீருக்கு வரும். பொரித்த குஞ்சுகள் உப்பங்கழிக்குள் நுழைந்து அங்கேயே வளரும். பெரிய தாய்மீன் ஒன்றின் சினையில் இருக்கும் முட்டை ஒரு கோடியைத் தாண்டும். ஆகவே ஒரு சாணில் பிடித்து வைக்கும் கொடுவா ஆணாகவும் முதிரவில்லை, பெண்ணாகவும் மாறவில்லை, ஒருமுறைகூட இனப்பெருக்கம் செய்யவில்லை. இதே மீனை ஆஸ்திரேலியாவில் பாராமண்டி என்கிறார்கள். குவீன்ஸ்லாந்தில் 58 செ.மீ.க்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது, கிழக்குக் கரையில் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. சின்னது வளர வேண்டும், பெரியது தாய் என்பதுதான் காரணம். நம் கரையில் ராடு பிடித்து நிற்பவரின் மீனை அளந்து பார்க்க எந்த அதிகாரியும் வந்து நான் கண்டதில்லை. இங்கே பக்கத்தில் நிற்பவர் சொன்னால்தான் உண்டு.

நான் கற்றதிலேயே முக்கியமானது, எப்போது கேட்பது என்பதுதான். மீன் பைக்குள் போய்விட்டால் அது அவருடைய சொத்து. அதற்குப் பிறகு நாம் என்ன சொன்னாலும் அவர் கையில் இருப்பதைப் பிடுங்குவதுபோல்தான் அவருக்குப் படும். மீன் இன்னும் தூண்டில் நரம்பில் துள்ளிக்கொண்டிருக்கும்போது அவருக்கு உதவி தேவை. கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய்விடுவேன். “அண்ணே, நல்ல அடி! இருங்க, முள்ள நான் எடுத்துத் தரேன்.” இதுவரைக்கும் யாரும் வேண்டாமென்று சொன்னதில்லை. தூண்டில் முள்ளை எடுக்கும்போது மீன் என் கையில் இருக்கும். “இது இன்னும் குஞ்சுண்ணே. தண்ணில விட்டுடவா? ஒரு போட்டோ எடுத்துக்குங்க, விட்டுடலாம்.” கேள்வியாகத்தான் கேட்பேன். நானாக விட்டுவிட மாட்டேன். ஒருவர் பிடித்த மீனை அவர் சம்மதம் இல்லாமல் தண்ணீரில் போடுவது, எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும் திருட்டுதான். அப்படிச் செய்தவர்களால் பாலத்தில் கைகலப்பு நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் போட்டோ சின்ன விஷயம் இல்லை. குஞ்சை வைத்துக்கொள்கிற இளைஞர்களில் பாதிப் பேர் அதைத் தின்பதற்காக வைப்பதில்லை, வீட்டில் காட்டுவதற்காக வைக்கிறார்கள். காட்டுவதற்கு வேறு வழி கொடுத்துவிட்டால் மீன் தண்ணீருக்குப் போய்விடும். நானே அவர் போனை வாங்கி, மீனைத் தண்ணீருக்கு மேலே தாழ்வாகப் பிடிக்கச் சொல்லி, நன்றாகவே எடுத்துக் கொடுப்பேன்.

வார்த்தையில் இன்னொன்று. “ஏன் குஞ்சைப் புடிக்கிறீங்க?” என்று கேட்பது எங்குமே வேலைக்கு ஆகாது. எது முள்ளில் மாட்டும் என்று யாரும் தீர்மானிப்பதில்லை. பிடித்தது குற்றம் இல்லை, வைத்துக்கொள்வதைப் பற்றித்தான் பேச்சு. வயதில் பெரியவரானால் மீனைப் பற்றி அவரிடமே கேட்டுவிடுவேன். “ஐயா, முன்னெல்லாம் இங்க எவ்ளோ பெரிய கொடுவா வரும்?” கேட்ட உடனே கையை அகல விரித்துக் காட்டுவார்கள். அந்த மீன் இப்போது ஏன் வருவதில்லை என்ற பேச்சை அதன் பிறகு அவர்களே ஆரம்பிப்பார்கள். நான் பாடம் நடத்த வேண்டிய அவசியமே இருக்காது.

தவறாமல் வருகிற பதில் ஒன்று உண்டு. “இழுவைப் படகுக்காரன் டன் டன்னா குஞ்சை வாரிக் கோழித் தீவனத்துக்கு அனுப்புறான். அவனப் போய்க் கேளு. என் ஒரு மீன்ல என்ன ஆகிடப் போகுது?” இதில் முதல் பாதி உண்மை. அதை மறுக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் 61 நாள் மீன்பிடித் தடை இருந்தும், இழுவை மடியில் வரும் குஞ்சு மீன் தீவனத்துக்குப் போகிறது என்பது துறைமுகத்தில் நிற்கிற எவருக்கும் தெரியும். “ஆமாண்ணே, அது அநியாயம்தான்” என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் நான் அடுத்ததைச் சொல்வேன். இழுவைப் படகு பாலத்துக்கு அடியில் வராது. உப்பங்கழிக்குள் வளரும் கொடுவாவைப் பிடிப்பவர்களில் தூண்டில்காரர்களான நாமும் இருக்கிறோம். மழை ஓய்ந்து தை, மாசியில் குஞ்சுகள் பாலத்துத் தூண்களை ஒட்டிக் கூட்டமாக வேட்டையாடும் நாட்களில், ஒரே மாலையில் பத்துப் பேர் ஆளுக்கு இரண்டு மூன்று வைத்தால், அந்தக் கூட்டத்தில் மிச்சம் என்ன இருக்கும்? இந்தக் கணக்கைச் சொன்னால் யோசிக்கிறார்கள். கடல் முழுவதையும் பற்றிப் பேசினால் யாரும் யோசிப்பதில்லை, அது நம் எல்லாருடைய கைக்கும் பெரியது.

இன்னொரு பதிலும் வரும், அதுவும் குறிப்பாக முட்டுக்காட்டில். “அதான் பக்கத்திலயே கொடுவாக் குஞ்சு பொரிக்க வைக்கிறாங்களே.” உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1997-இல் கொடுவாவை அடைப்பில் வைத்து இனப்பெருக்கம் செய்யவைத்ததும் அவர்கள்தான், பெரிய சாதனை. ஆனால் அதன் பலன் வளர்ப்புப் பண்ணைகளுக்கானது. நாம் தூண்டில் போடும் கழிக்கு மீன் வருவது கழியிலேயே தப்பிப் பிழைத்தவற்றிலிருந்துதான்.

எல்லாரிடமும் கேட்க வேண்டியதும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று வெறுங்கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இந்தக் கழிகளில் உண்டு. வீச்சு வலையோடு வருகிற மீனவர்களும் உண்டு. அவர்களுக்கு அது அன்றாடச் சோறு. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு வந்து நிற்கிற நான் அவர்களிடம் அளவு பற்றிப் பேசுவது முறையே இல்லை, பேசுவதும் இல்லை. ராடும் ரீலும் பல ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, காரில் வந்து இறங்குகிறவரிடம்தான் என் பேச்சு. நடுவில் இன்னொரு வகை உண்டு. ஓய்வு பெற்ற பெரியவர், கையில் சாதாரண நரம்பும் தக்கையும், மாலைக் குழம்புக்கு மீன் வேண்டும். இவரிடம் “விட்டுடுங்க” என்பது அவர் தட்டிலிருந்து எடுப்பது. என்னிடம் நல்ல அளவில் கிழங்கானோ மடவையோ இருந்தால் அதை நீட்டுவேன். “ஐயா, இத நீங்க எடுத்துக்குங்க, அந்தக் குஞ்ச என்கிட்ட குடுங்க, விட்டுடறேன்.” குழம்புக்கும் மீன் ஆயிற்று, கழிக்கும் மீன் திரும்பிற்று. அப்படி மாற்றிக்கொண்ட ஒருவர் இப்போது என்னைப் பார்த்தாலே, தான் விட்ட மீன்களின் கணக்கைச் சொல்கிறார்.

கேட்பதற்கு முன் மீனைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது இல்லாமல் வாய் திறக்கிறவர்கள்தான் மற்ற எல்லாருடைய பெயரையும் கெடுக்கிறார்கள். சின்ன மீன் எல்லாம் குஞ்சு மீன் இல்லை. ஒரு சாணுக்கும் குறைந்த கிழங்கானிலேயே சினை இருக்கும். ஜிலேபி கைவிரல் நீளத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும், அதுவும் வெளியிலிருந்து வந்த மீன். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வைத்துக்கொள்ளட்டும், நான் அதற்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வளர்க்கவே தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்ப விடக்கூடாது என்றுதான் சொல்வேன். காலாவும் கொடுவாவைப்போல ஆணிலிருந்து பெண்ணாக மாறுவது. களவாவில் இது தலைகீழ், பெண்ணாக முதிர்ந்து பெரியதானதும் ஆணாகும். இதெல்லாம் தெரிந்தால், எதற்குப் பேச வேண்டும் எதை விட்டுவிடலாம் என்ற நிதானம் தானாக வரும்.

அப்பாவோடு பையனும் வந்திருந்தால் அப்பாவிடம் பேசவே மாட்டேன். மகன் முன்னால் யாருக்கும் தலை குனியப் பிடிக்காது. “தம்பி, இது கொடுவாவோட கொழந்த. நீயே தண்ணில விடுறியா?” என்பேன். பையன் அப்பாவைப் பார்ப்பான், அப்பா தலையாட்டுவார். குடித்திருப்பவரிடம், கூட்டமாக வந்து ஆரவாரத்தில் இருப்பவர்களிடம் அன்றைக்குப் பேசிப் பயனில்லை. “இது உன் கடலா?” என்று ஒருவர் குரலை உயர்த்திவிட்டால் “சரிங்கண்ணே” என்று என் இடத்துக்கு வந்துவிடுவேன். அடுத்த வாரமும் அதே பாலத்தில்தான் இருவரும் நிற்கப் போகிறோம். வழுக்கும் கல்லில், இருட்டில், ஒரு மீனுக்காகக் கைகலப்புக்குப் போகக் கூடாது. அவருடைய படத்தை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுத் திட்டுவதும் கூடாது. திட்டு வாங்கியவர் மீனை விடப் பழகுவதில்லை, மறைத்து வைக்கத்தான் பழகுகிறார்.

விட்ட மீன் செத்து மிதந்தால் நாம் பேசியதெல்லாம் வீண். ஈரக் கையால்தான் தொட வேண்டும், சுடு மணலிலும் கான்கிரீட்டிலும் போடக் கூடாது. முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாமல் வாயருகில் நரம்பை வெட்டிவிட வேண்டும். முள்ளின் கொக்கியைப் பிளேயரால் முன்கூட்டியே நசுக்கி வைத்திருந்தால் கழற்றுவது ஒரு நொடி வேலை. செவுள் கிழிந்து ரத்தம் ஓடினால் அது பிழைப்பது அரிது, “வச்சுக்குங்கண்ணே” என்று நானே சொல்லிவிடுவேன். அந்த நேரத்தில் நேர்மையாகச் சொன்னால், அடுத்த மீனுக்கு என் பேச்சை நம்புவார்.

ஏரியில் விரால் விஷயம் வேறு. அங்கே அளவை மட்டும் பார்த்தால் போதாது. விரால் தன் குஞ்சுகளைக் கூடவே இருந்து காக்கும். குஞ்சுகள் செம்மண் நிறத்தில் திரளாக மேலே வந்து மூச்சு வாங்கும், அடியில் தகப்பனோ தாயோ காவல் நிற்கும். அந்தத் திரளுக்கு நடுவில் ரப்பர் தவளையை வீசினால் காவல் மீன் உடனே பாயும். பசியால் பாய்வதில்லை, குஞ்சுக்கு ஆபத்து என்று பாய்கிறது. அதை எடுத்துவிட்டால் கெண்டையும் மற்ற விராலும் சில நாட்களில் திரளையே தின்று தீர்த்துவிடும். மாட்டியது ஒரு கிலோ மீனாக இருக்கலாம், எந்த அளவுகோலிலும் அது சின்னது இல்லை, ஆனாலும் அதை வைத்துக்கொள்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது. இங்கே பிடித்த பிறகு பேசுவது தாமதம். விட்டாலும் அது திரளைத் தேடித் திரும்புவதற்குள் பாதிக் குஞ்சு போயிருக்கும். அதனால் கரையில் புது ஆள் யாரைப் பார்த்தாலும், அவர் முதல் வீச்சு வீசும் முன்பே போய்ப் பேசிவிடுகிறேன். “ப்ரோ, அந்த ஆகாயத்தாமரை ஓரத்துல செவப்பாத் தெரியுது பாருங்க, அது குஞ்சுத் திரள். அங்க மட்டும் வேணாம். மதகுப் பக்கம் வாங்க, அங்க தனி விரால் ஏறும், நானே காட்டறேன்.” நல்ல இடத்தை அந்நியருக்குக் காட்டுவதாவது என்று என் கூட்டாளிகள் கோபித்துக்கொள்கிறார்கள். நான் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.