இழுப்பு நின்ற பிறகும் மருந்து ஏன்?



மார்கழி, தை மாதங்களில் மலைநாட்டில் பனி இறங்கிவிட்டால் பெரட்டுக் களத்திலும், பிள்ளைக்காம்பராவிலும், லயத்து இஸ்தோப்பிலும் இருமல் சத்தம்தான். பலருக்கு அது பத்து நாளில் போய்விடும். சிலருக்குப் போகாது. போனாலும் திரும்பி வரும். இம்முறை பாடம் அந்தச் சிலரைப் பற்றியதாகும்.

இருமல் எல்லாம் ஒன்றல்ல

"நெஞ்சுச்சளி" என்று நாம் ஒரே பேரில் சொல்வதற்குள் மூன்று வேறு நோய்கள் இருக்கலாம்.

முதலாவது ஆஸ்துமா. இழுப்பு, வீசிங் என்று சொல்வதும் இதைத்தான். பீலிக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயை நினைத்துப் பாருங்கள். உள்ளே பாசி பிடித்தால் தண்ணீர் குறையும். அதையே வெளியில் இருந்து கையால் நெரித்தால் இன்னும் குறையும். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாய்க்கு இந்த இரண்டும் நடக்கிறது. உள்தோல் வீங்கிச் சளி கட்டுகிறது; சுற்றியுள்ள தசை இறுகுகிறது. அதனால்தான் மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்கிறது. இது வரும், போகும். இரவிலும் விடியற்காலையிலும் கூடும். பரம்பரையாக வரலாம். ஆனால் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல.

இரண்டாவது நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி. டொக்டர்மார் குரோனிக் பிரொங்கைட்டிஸ் என்பார்கள். வருடத்தில் மூன்று மாதமாவது சளியோடு இருமல், அதுவும் அடுத்தடுத்து இரண்டு வருடம் இருந்தால் இந்த நோய் என்று கொள்ளப்படும். சுருட்டு, பீடி, சிகரட் பிடிப்பவர்களுக்கும், பல வருடம் விறகுப் புகையில் சமைத்த பெண்களுக்கும் பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல் வரும். பழுதான குழாய் முழுசாகப் பழையபடி ஆகாது. ஆனால் புகையை விட்டால் நோய் மோசமாகும் வேகம் குறையும்.

மூன்றாவது காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவை இதன் அடையாளங்கள். எல்லாம் சேர்ந்து வரவேண்டும் என்றில்லை. இரண்டு வாரம் தாண்டிய இருமல் ஒன்றே போதும், சளியைப் பரிசோதிக்க வேண்டும். இது மற்றவர்களுக்குத் தொற்றும். ஆனால் ஆறு மாதமாவது ஒழுங்காக மருந்து எடுத்தால் குணமாகும். அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் மருந்து இலவசம்.

நம் இடத்தில் இழுப்பைக் கிளப்புவது எது?

அடுப்புப் புகை முதலிடம். பழைய லயக்காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதன் பக்கத்திலேயே அடுப்பு. ஈரக் கவ்வாத்து மிலாறை வைத்து ஊதினால் நெருப்பை விடப் புகைதான் அதிகம். அடுப்படியில் உட்கார்ந்து குளிர் காயும் பிள்ளைக்கும் அந்தப் புகை உள்ளே போகிறது. விறகை நன்றாகக் காயவைத்து எரிப்பது, கூரைத் தகரத்தில் புகை போக வழி வைப்பது, சமைக்கும்போது கதவைத் திறந்து வைப்பது எல்லாம் அதிகம் காசு செலவில்லாத வேலைகள்.

பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வழக்கம். இழுப்புள்ள பிள்ளைக்கு அது வேண்டாம். புகை எந்தப் புகையானாலும் குழாய்க்கு ஒன்றுதான்.

அடுத்தது தேயிலை ஸ்டோர். தூள் சலிக்கும் இடத்தில் பறக்கும் தூசு சிலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும். நமது நாட்டு மார்பு நோய் வைத்தியர் சி. ஜி. உரகொட 1970ஆம் ஆண்டிலேயே இதை எழுதி வெளியிட்டார். வேலை நாளில் மூச்சு முட்டி, லீவு நாளில் சுகமாக இருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஈரச் சுவரில் பிடிக்கும் பூஞ்சணம், பழைய தலையணைத் தூசு, குளிர்காற்று, தடிமன் என்பனவும் இழுப்பைக் கிளப்பும்.

இரண்டு பம்ப், இரண்டு வேலை

இந்தப் பாடத்தில் முக்கியமான இடம் இதுவே. பலருக்கு இரண்டு பம்ப் கொடுக்கப்படுகிறது. வழக்கமாக ஒன்று நீலம், மற்றது காப்பிக் கலர்.

நீல பம்ப் (சல்பியூட்டமோல்) இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடத்தில் சுகம் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றாது. காப்பிக் கலர் பம்ப் (பெக்லோமெத்தசோன்) வீக்கத்தை ஆற்றும். ஆனால் அடித்தவுடன் ஒன்றும் தெரியாது. தினமும் எடுத்தால்தான் சில நாளில், சில வாரத்தில் பலன் தெரியும்.

இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். "நீலத்தை அடிச்சா மூச்சு வருது, மத்தது சும்மா" என்று காப்பிக் கலரை மூலையில் வைத்துவிடுகிறார்கள். அல்லது "இப்பதான் இழுப்பு இல்லையே" என்று நிறுத்திவிடுகிறார்கள். இழுப்பு இல்லாததற்குக் காரணமே அந்த மருந்துதான். நிறுத்தினால் வீக்கம் சத்தமில்லாமல் திரும்பும். அடுத்த பனிக்கு ஆஸ்பத்திரிதான். நீலத்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று உலக ஆஸ்துமா வழிகாட்டிகள் 2019 முதல் தெளிவாகச் சொல்லுகின்றன. வாரத்தில் இரண்டு தரத்துக்கு மேல் நீலம் தேவைப்பட்டால் கிளினிக்குக்குப் போங்கள். சிலருக்கு இரண்டு வேலையும் செய்யும் ஒரே பம்ப் கொடுப்பார்கள். நிறமும் மாறலாம். ஆகவே மருந்தின் பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"பம்ப் கடும் மருந்து, பழகிப்போகும்" என்ற பயமும் உண்டு. கணக்கைப் பாருங்கள். ஒரு சிறிய சல்பியூட்டமோல் மாத்திரையில் 2 மில்லிகிராம் மருந்து. பம்பில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். அதாவது இருபதில் ஒரு பங்குதான். நேரே நெஞ்சுக்குப் போவதால் கொஞ்சமே போதும். கர்ப்பிணித் தாய்மாரும் தாங்களாக நிறுத்தக் கூடாது. தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கும் காற்றுக் குறையும்.

பிடிக்கும் முறை: பம்பைக் குலுக்குங்கள். மூச்சை வெளியே விடுங்கள். வாயில் வைத்து உதட்டை மூடி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போது அழுத்துங்கள். பத்து எண்ணும்வரை மூச்சை அடக்குங்கள். காப்பிக் கலர் பம்புக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஸ்பேசர் என்ற குழாய்ப் போத்தல் வேண்டும். கிளினிக்கில் கேளுங்கள்.

கடும் இழுப்பு வந்தால்

படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வையுங்கள். நீல பம்பை ஒவ்வொரு அழுத்தாக நான்கு தரம் கொடுங்கள். நான்கு நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் மறுபடி நான்கு கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

ஒரு வசனம் முழுசாகப் பேச முடியாமை, உதடு நீலம் பாய்தல், விலா எலும்பு உள்வாங்குதல், மயக்கம் ஆகியவை உயிராபத்தின் அடையாளங்கள். விசில் சத்தம் திடீரென்று நின்று ஆள் சோர்ந்து போனால் "கொறைஞ்சிருச்சு" என்று நினைக்காதீர்கள். காற்றே போகவில்லை என்று அர்த்தம். விடியட்டும், லொறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும்.

"கிளினிக் போனா ஒரு பேர் போயிடுமே"

உண்மைதான். ஒரு நாள் பேர் போவது சின்ன விஷயமல்ல. ஆனால் கிளினிக்குக்கு மாதத்தில் ஒரு நாள் போகும். கடும் இழுப்பில் வார்ட்டில் படுத்தால் நாலைந்து நாள் போகும். கூட நிற்பவரின் பேரும் சேர்ந்து போகும். மருந்தை ஒழுங்காக எடுப்பவர் மலையேறிக் கொழுந்து பறிக்கலாம், பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஓடி விளையாடலாம்.

நோயை மறைக்கவும் வேண்டாம். மலையில் கங்காணியிடமும், பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் அக்காவிடமும், பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள். நீல பம்ப் வீட்டு அலுமாரியில் இருந்து பயனில்லை. வேலைக்குப் போகும் பையில் இருக்கட்டும். குமர்ப் பிள்ளைக்கு நோய் என்று தெரிந்தால் கல்யாணம் தடைப்படும் என்று பம்பை ஒளிக்கும் தாய்மார், பிள்ளையின் மூச்சை முதலில் நினைக்க வேண்டும்.

நினைவில் வைத்துக்கொள்வோம்

நீலம் அவசரத்துக்கு, காப்பிக் கலர் தினமும். சுகம் என்றாலும் வைத்தியர் சொல்லாமல் நிறுத்தாதே. இரண்டு வார இருமலுக்குச் சளிப் பரிசோதனை. அடுப்புப் புகைக்கு வழி விடு. இந்த நான்கையும் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் பெரியவர்கள் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள்.