நெளியும் ஆடி

வெயில் ஏறியபின் பத்து காவான் தார்ச்சாலையில் தூரத்து லாரி நெளிவதைக் கண்டிருப்பீர்கள். சூடான காற்று ஒளியை வளைப்பதே காரணம். கோடைக்கானல் சூரிய ஆய்வகத்திற்கும் இதே தொல்லைதான். அங்குள்ள கோபுரத் தொலைநோக்கி வில்லையின் விட்டம் 38 செ.மீ.; காற்று கலங்கினால் 10 செ.மீ. வில்லையின் நுணுக்கம்கூடக் கிட்டாமல் போகலாம்.

காற்று வளைத்ததற்கு எதிராக ஆடியை வளைக்கலாம் என்று 1953-இல் ஹோரஸ் பாப்காக் வழி சொன்னார். (அவர் எண்ணியது எண்ணெய்ப் படலம் பூசிய ஆடி!) இன்று மெல்லிய ஆடியின் முதுகில் உந்திகளைப் பொருத்துகின்றனர். சிலி நாட்டின் பாரனால் மலையில் 2016-இல் பொருத்திய ஆடியின் தடிப்பு ஏறத்தாழ 2 மி.மீ.; உந்திகளோ 1,170. உணரி ஒளியலையின் கோணலை அளக்க, கணினி நொடிக்கு ஆயிரம் முறைவரை ஆணையிடுகிறது.

என் பார்வையில் உண்மையான சிக்கல் ஆடியில் இல்லை, ஆணையில்தான். அளந்த பிழையில் எத்தனை பங்கை ஒவ்வொரு சுற்றிலும் திருத்துவது? குறைத்துத் திருத்தினால் காற்று முந்திக்கொள்ளும். மிகுத்தால், அளப்பதற்கும் அசைவதற்கும் இடையே உள்ள தாமதத்தால் ஆடியே தள்ளாடும். படம் முன்னைவிடக் கெடும். காலையில் பொருந்திய பங்கு நண்பகலில் பொருந்தாது. ஆகவே மீந்த பிழையைப் பார்த்துப் பார்த்துக் கணினியே அப்பங்கைக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

சூரியனில் இன்னொரு சங்கடம்: குறிவைக்க விண்மீன் போன்ற புள்ளி இல்லை. அதன் மேற்பரப்பில் கொதிக்கும் மணிகளின் உருவத்தை ஒப்பிட்டே கோணலை அளக்கின்றனர்.