மொய் வேண்டாம், பவுன் மட்டும் வரலாமா?

விரிஞ்சிபுரம்
கார்த்திகை மாதம்

அன்பு மருமகனுக்கு அத்தை எழுதுவது.

உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை அண்ணி போனில் அனுப்பினாள். எழுத்தும் படமும் அழகாக வந்திருக்கின்றன. அடியில் 'மொய் தவிர்க்கவும்' என்று போட்டிருக்கிறாய். கல்யாணம் ஊரில் இல்லை, பெங்களூர் ரோட்டில் ஏதோ ரிசார்ட்டில். பந்தக்கால், நலங்கு எல்லாம் இந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்று சொன்னாயாம். பெண் வீட்டார் போடுகிற ஐம்பது பவுனையும் காரையும் பற்றி அண்ணி கேட்டதற்கு மட்டும், "அது பாரம்பரியம்மா, நாம கேக்கல, அவங்களா ஆசைப்பட்டுச் செய்யறாங்க" என்றாயாம். பந்தக்காலுக்கு ஒரு நியாயம், பவுனுக்கு ஒரு நியாயம். எனக்கு இரண்டு ராத்திரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. கல்யாணம் உன்னுடையது, முடிவும் உன்னுடையதுதான். அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் எது பழையது, எது நேற்று வந்தது என்பதை நீ தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். அதைச் சொல்லாமல் இருந்தால் அத்தை என்று நான் ஒருத்தி இருந்து என்ன பயன்?

நம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில் கோபுரத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மதிலழகைப் பார்க்க வருகிறவர்களும், நிழலை வைத்து மணி பார்க்கும் கல்லைத் தேடுகிறவர்களும் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். சக ஆண்டு 1347, அதாவது கி.பி. 1425-26, விஜயநகரத்துத் தேவராயர் காலம். படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடர், தமிழர், தெலுங்கர், லாடர் எல்லாரும் சேர்ந்து செய்துகொண்ட ஒரு உடன்பாடு அது. இனிமேல் தங்களுக்குள் கல்யாணம் கன்னிகாதானமாக மட்டுமே நடக்க வேண்டும். பெண்ணுக்காகப் பொன் வாங்குகிற தகப்பனுக்கும், பொன் கொடுத்துப் பெண் எடுக்கிறவனுக்கும் ராஜ தண்டனை உண்டு, சாதியை விட்டும் தள்ளிவைக்கப்படுவார்கள். சாரம் இவ்வளவுதான். இதை வரதட்சணை ஒழிப்புக் கல்வெட்டு என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள், அது சரியில்லை. அன்றைக்குக் கொடுத்தது மாப்பிள்ளை வீடு, வாங்கியது பெண் வீடு. அவர்கள் நிறுத்தியது அதைத்தான்.

ஒரு சாதிக்காரர்கள் அறுநூறு வருஷத்துக்கு முன்னால் தங்களுக்குள் பேசி வைத்தது, நமக்கென்ன என்று கேட்பாய். அவர்கள் போட்ட விதி நம்மைக் கட்டாதுதான். ஆனால் அந்தக் கல் இரண்டு விஷயங்களைக் காட்டுகிறது. முதலாவது, வழக்கம் என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. நாலு பேர் உட்கார்ந்து பேசி வருகிறது, நாலு பேர் உட்கார்ந்து பேசினால் போகவும் செய்கிறது. அதுவும் கோயில் வாசலில், எல்லாரும் பார்க்க எழுதிவைத்துவிட்டே போகிறது. இரண்டாவது எனக்கு இன்னும் முக்கியம். அவர்கள் வயலுக்கு ஒரு பக்கம்தான் வேலி போட்டார்கள். மாப்பிள்ளை கொடுப்பது தப்பு என்று எழுதினார்கள்; மாப்பிள்ளை வாங்குவதைப் பற்றி யோசிக்க அன்றைக்கு அவசியமே வரவில்லை. அந்தப் பக்கம் வழியாகத்தான் பிற்காலத்தில் மாடு நுழைந்தது. தானம் என்றால் வெறும் கையோடு கொடுக்கலாமா, நகை பூட்டித்தானே கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தது, இன்றைக்குக் கார் சாவியில் வந்து நிற்கிறது.

நம் பக்கத்துப் பெரும்பாலான குடும்பங்களில் அந்தக் கன்னிகாதான வழக்கமும்கூட இருந்ததில்லை. நமக்கு இருந்தது பரிசம். மாப்பிள்ளை வீட்டார் புடவை, பூ, பழம், வெற்றிலை பாக்கோடு வந்து, சபையில் பெரியவர்கள் முன்னால் பரிசப் பணத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்துப் பெண்ணைக் கேட்டார்கள். பெண் அழைப்பு என்று பெண்ணை அழைத்துவந்து கல்யாணச் செலவையும் பல வீடுகளில் அவர்களே செய்தார்கள். இப்போதும் நிச்சயதார்த்தத்தில் அந்தத் தட்டு இருக்கிறது. பேருக்கு ஒரு தொகையை அதில் வைக்கிறார்கள். பக்கத்திலேயே பெண் வீட்டு நகைப் பெட்டிகள் திறந்திருக்கின்றன. தெற்கே வரதட்சணை என்பது பழைய வழக்கத்தின் நீட்சியே இல்லை, வெள்ளைக்காரன் காலத்துப் படிப்பும் மாதச் சம்பளமும் கொண்டுவந்த புதுச் சரக்கு என்று மைசூரில் பிறந்த சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் 1980களிலேயே வாதாடினார். சம்பளக்கார மாப்பிள்ளை குறைவு, அவனைத் தேடுகிற வீடுகள் அதிகம், ஆகவே விலை ஏறியது. நீ பாரம்பரியம் என்று சொல்கிற ஐம்பது பவுனை உன் கொள்ளுத்தாத்தாவிடம் சொல்லியிருந்தால், பையனை விற்கிறோமா என்று திகைத்துப் போயிருப்பார்.

ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்று பார்க்கும்போது அதன் வயசை நான் கணக்கில் எடுப்பதில்லை. கொடுத்தது திரும்பி வருமா என்று மட்டும் பார்க்கிறேன். இப்போது நீ வேண்டாம் என்கிற மொய்யை எடுத்துக்கொள். மண்டப வாசலில் ஒரு மேஜை, மூலையில் மஞ்சள் தடவிய நோட்டு, மேலே பிள்ளையார் சுழி. ஊர், தகப்பன் பேர், தொகை என்று வரிசையாக எழுதுவார்கள். 101, 501 என்று ஒரு ரூபாய் சேர்த்தே வரும். அந்த நோட்டு பீரோவுக்குள் போகும். எழுதியவர் வீட்டில் காதுகுத்தோ கல்யாணமோ வந்தால் அதே பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் கூடப் போட்டுச் செய்வார்கள். பாங்கு கடன் கொடுக்காத காலத்தில், ஜாமீனும் இல்லாமல் பத்திரமும் இல்லாமல் ஊர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட கடன் அது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் இதற்கென்றே மொய் விருந்து வைக்கிறார்கள். அங்கே தொகை லட்சங்களுக்கு ஏறி, திருப்பிச் செய்ய முடியாமல் தவிக்கிறவர்களும் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. அளவு மீறினால் எதுவும் சுமைதான். ஆனாலும் மொய்யில் யார் எவ்வளவு கொடுத்தார் என்பது எழுத்தில் இருக்கிறது, கொடுத்தவருக்கு ஒரு நாள் அது திரும்பி வருகிறது. கைநீட்டி வாங்குவது கௌரவக் குறைவு என்று உனக்குத் தோன்றியிருக்கலாம். உங்கப்பா இத்தனை வருஷமாகப் போய் எழுதிய வீட்டார் எல்லாம் திருப்பிச் செய்ய வரும்போது அவர்களை நீ வாசலிலேயே நிறுத்துகிறாய். அதுதான் கௌரவக் குறைவு.

அண்ணி கெட்டிக்காரி, இதற்கு ஒரு மறுப்புச் சொல்வாள். தாய்மாமன் சீர் மட்டும் என்ன, அதுவும் பெண் பிறந்த வீட்டிலிருந்துதானே வருகிறது, அதை ஏன் விட்டுவைக்கிறாய் என்பாள். நல்ல கேள்வி. முன்பு முறைப்பெண்ணைக் கட்டுகிற வழக்கம் பரவலாக இருந்தது. மாமன் சீர் சுமந்து போன வீட்டுப் பெண்ணே பல சமயம் அந்த மாமன் வீட்டுக்கு மருமகளாக வந்தாள்; போனது ஒரு தலைமுறையில் திரும்பி வந்தது. சொந்தத்தில் கட்டுவதை டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். அது குறைந்துவருவது நல்லதே. ஆனால் வட்டம் அறுந்த பிறகும் சீர்வரிசைத் தட்டுகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது. அதனால் மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது இருக்கட்டும், தட்டுகளைக் குறையுங்கள் என்பதுதான் என் பதில். அத்தைக்கு வரவேண்டிய புடவையையும் அதில் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அந்த நகை பெண்ணுக்குத்தானே, அவளுக்கு நாளைக்கு ஒரு ஆதரவுதானே என்பது. பெண்ணுக்குச் சொத்தில் பங்கே இல்லாத காலத்தில் இதில் நியாயம் இருந்தது. தமிழ்நாட்டில் 1989லேயே மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. 2005ல் நாடு முழுக்க வந்தது. பெண்ணுக்குக் கொடுக்க ஆசைப்படுகிற தகப்பன் அவள் பேரில் மனையை எழுதிவைக்கட்டும், பங்கைக் கொடுக்கட்டும். உன் வீட்டு வாசலில் நிற்கப்போகிற கார் அவளுக்கு எப்படி ஆதரவாகும்? 'கேட்காமல் கொடுத்தார்கள்' என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1961ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டம் கேட்காமல் தருகிற அன்பளிப்பை அனுமதிக்கிறது. ஆனால் பெண் வீட்டார் தருவது வழக்கத்தில் உள்ளதாகவும், அவர்கள் வசதிக்கு மீறாததாகவும் இருக்க வேண்டும். இன்ன பொருள், தோராய மதிப்பு இவ்வளவு, கொடுத்தவர் பேர், உறவுமுறை என்று பட்டியல் எழுதிப் பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும் என்று 1985 விதிகள் சொல்கின்றன. மொய்க்கு நோட்டுப் போடுகிற ஊரில் இந்தப் பட்டியலை எத்தனை பேர் எழுதுகிறார்கள்? நீயும் அந்தப் பெண்ணும் ஒரு காகிதத்தை எடுத்து எழுதிப் பாருங்கள். எழுதக் கை கூசினால், வாங்கவும் கூச வேண்டும்.

அந்தப் பெண் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்றார்கள். காலையில் பேரணாம்பட்டு, குடியாத்தம், மாதனூர் பக்கத்துக் கிராமங்களில் கம்பெனி வண்டிக்காகக் கூட்டமாக நிற்கிற பெண்களை நீயும் பார்த்திருப்பாய். அவர்களில் எத்தனையோ பேரின் சம்பளம் நகைச் சீட்டுக்குப் போகிறது. தன்னைக் கட்டப்போகிறவனுக்குத் தானே சம்பாதித்துச் சேர்க்கிறாள். திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்ற பேரில் இளம் பெண்களை மூன்று வருஷம் ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். அந்தத் தொகை கைக்கு வராமலே வீடு திரும்பிய பெண்களும் உண்டு. இது நம் மதத்தோடு நிற்கவும் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் குடும்பங்களில் மாப்பிள்ளை பெண்ணுக்கு மஹர் கொடுப்பது மார்க்கக் கடமை. அதைச் சின்னத் தொகையாக முடித்துவிட்டு கைக்கூலி பேசுகிற வழக்கம் அங்கேயும் நுழைந்துவிட்டது. எந்த மதத்தின் நூலும் சொல்லாததை எல்லா மதத்துக்காரர்களும் செய்கிறார்கள் என்றால் அது பாரம்பரியமாக எப்படி இருக்க முடியும்? அரசாங்கமே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில் தாலிக்குத் தங்கம் கொடுத்துவந்ததை 2022ல் மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக்கியது. அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது.

எல்லாச் சடங்கையும் தூக்கிப் போட்டுவிட்டு ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிடலாமே என்று உன் சிநேகிதர்கள் சொல்லக்கூடும். செய், நான் தடுக்கவில்லை. ஆனால் ஐயரையும் மந்திரத்தையும் விட்ட சுயமரியாதைக் கல்யாணக்காரர்கள்கூட, அண்ணா 1967ல் அதைச் சட்டமாக்கிய பிறகும், ஊரைக் கூட்டுவதை விடவில்லை. நாலு பேர் முன்னால் மாலை மாற்ற வேண்டும் என்பதில் அவர்களும் நின்றார்கள். ஊர் கூடுவதன் அருமையை வர்ற கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு நம் கோயிலில் பார்: பிள்ளை வரம் வேண்டி வருகிற பெண்கள் நடுராத்திரியில் சிம்ம தீர்த்தத்தில் முழுகி ஈரப் புடவையோடு பிரகாரத்தில் படுப்பார்கள். காரில் வந்தவளும் பஸ்ஸில் வந்தவளும் ஒரே தரையில் படுக்க வேண்டும். பிள்ளை இல்லாத பாரத்தைப் பெண் மட்டும் சுமப்பானேன் என்ற குறை எனக்கு அதிலும் உண்டு. ஆனாலும் அங்கே யாரும் யாரையும் விட ஒரு பவுன் மேலே நிற்க முடியாது.

எனவே இரண்டு வழி இருக்கிறது. ரிசார்ட், பவுன், கார் என்று உன் இஷ்டப்படி செய்யலாம். உன்னை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள், இப்போது எல்லாரும் செய்வதுதான். இல்லாவிட்டால் உங்கப்பாவைக் கூட்டிக்கொண்டு பெண் வீட்டுக்கு ஒரு நடை போய், பரிசத் தட்டை நீ கொண்டுபோய் வைத்து, பெண்ணின் அப்பா கையில் இருப்பதை அவர் மகள் பேரிலேயே போடச் சொல்லிவிட்டு, ஊர் மண்டபத்தில் மொய் நோட்டோடு கல்யாணத்தை வைக்கலாம். மண்டபத்துக்காரரிடம் தை மாசத்துத் தேதிகளைக் கேட்டுவைத்திருக்கிறேன். சும்மா கேட்டதுதான், அட்வான்ஸ் எதுவும் கொடுக்கவில்லை.

ரொம்பப் பேசிவிட்டேனா கண்ணு? கோபம் உன் மேல் இல்லை. நீ தங்கமான பிள்ளை, அது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். நீ எங்கே வைத்துக் கல்யாணம் செய்தாலும் அத்தைதான் முதல் ஆளாக வந்து ஆலம் சுற்றுவாள். ரிசார்ட்டாக இருந்தால் அங்கேயும் வருவேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு என்ன பலகாரம் பிடிக்கும் என்று கேட்டு எழுது, செய்து அனுப்புகிறேன். உனக்கு எள்ளடை தனியாக வரும். ராத்திரி பனியில் பைக் ஓட்டாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு. பத்திரிகையை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்றாள் அண்ணி. வியாழன் ராத்திரி எனக்கு ஒரு போன் போடு.

உன் அத்தை